காம்பைப் பார், பிறகு காளையைப் பார்: கெல்டிய வார்ப்புக் காசுகளை இனம் காண ஒரு வழிகாட்டி

என் கைக்கு வந்த முதல் கெல்டியக் காசின் விளிம்பில், ஒடித்த கத்தரிக்காய்க் காம்பு போல ஒரு மொட்டை நீட்டிக்கொண்டிருந்தது. நேர் எதிரே இன்னொன்று. யாரோ செய்த சேதம் என்று நினைத்து, மெல்லிய அரத்தால் இரண்டையும் ராவி விளிம்பை வட்டமாக்கிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தக் காசு எப்படிப் பிறந்தது என்பதற்கான முதல் சாட்சியை அரத்தூளாக ஊதித் தள்ளிவிட்டேன் என்பது சில மாதங்கள் கழித்துத்தான் புரிந்தது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் படத்தில்தான் தொடங்குகிறார்கள். தலை தெரிகிறதா, குதிரை தெரிகிறதா, எந்தக் குலத்தின் காசு என்று கேட்கிறார்கள். கெல்டிய வார்ப்புக் காசுக்கு அந்த வரிசை உதவாது. முதலில் விளிம்பு, அடுத்து உலோகம், அதன்பின் படம். குலத்தின் பெயர் கடைசியில். இந்த வரிசையை மாற்றாமல் போனால் பாதித் தவறுகள் தாமாகவே குறைந்துவிடும்.

எந்தக் காசுகளைப் பற்றிப் பேசுகிறோம்

இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்துப் பகுதிகளில் வாழ்ந்த கெல்டியக் குலங்களும் தென்கிழக்கு இங்கிலாந்தில் வாழ்ந்தவர்களும் பொன்னையும் வெள்ளியையும் சுத்தியலால் அச்சடித்துக் காசாக்கினார்கள். அவற்றோடு, ஏறத்தாழ கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கி.மு. 1-ஆம் நூற்றாண்டு வரை, உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த மலிவான காசுகளும் புழங்கின. இவற்றைப் பொட்டின் என்பார்கள். சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அந்தக் கலவை உலோகத்துக்கும் அதே பெயர்தான்.

கலவை நமக்கு அந்நியமானதன்று. செம்போடு நிறைய வெள்ளீயம், சிலவற்றில் காரீயமும். சுருக்கமாக, வெள்ளீயம் தூக்கலாக விட்ட வெண்கலம். வெண்கலப் பாத்திரம் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும்: தட்டினால் கணீரென்று ஒலிக்கும், கை தவறிக் கல்லில் விழுந்தால் கீறல் விட்டுவிடும். பித்தளைபோல நசுங்கி வளைந்து கொடுக்காது. அப்படிப்பட்ட உலோகத்தைக் குளிர்ந்த நிலையில் அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்தால் அது சிதறும். உருக்கி ஊற்றுவதுதான் அதற்கேற்ற வழி. பொட்டின் ஏன் வார்ப்புக் காசாக இருக்கிறது என்பதற்குப் பாதி விடை உலோகத்திலேயே இருக்கிறது.

முதலில் விளிம்பு

வேண்டிய கருவிகள் குறைவு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு, விட்டம் அளக்க ஒரு காலிப்பர், மேசைவிளக்கு. விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில், காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி வையுங்கள். மேலிருந்து விழும் ஒளியில் மழுங்கிய காசு வெறும் சாம்பல் வட்டமாகத்தான் தெரியும். ஒளி சாய்வாக விழுந்தால் கோடுகள் எழுந்து நிற்கும்.

இப்போது காசைப் படுக்கவைக்காமல் விரல் நுனிகளில் நிறுத்திப் பிடித்து, விளிம்பை மட்டும் ஒரு சுற்று பாருங்கள். களிமண்ணில் இரண்டு பாதியாகச் செய்த அச்சில், காசுக் குழிகள் வரிசையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சிறு வாய்க்காலோடு இருக்கும். ஒரு முனையில் ஊற்றிய உலோகம் குழிக்குக் குழி ஓடி நிரம்பும். ஆறியதும் கிடைப்பது காசுகளின் சரம். அதை ஒடித்தோ வெட்டியோ பிரிப்பார்கள். ஆகவே சரத்தின் நடுவில் இருந்த காசுக்கு எதிரெதிரே இரண்டு காம்புகள். கடைசிக் காசுக்கு ஒன்று. பிரிக்க மறந்ததாலோ மனமில்லாததாலோ, ஒட்டியபடியே தப்பி வந்த இரட்டைக் காசுகளும் உண்டு.

காம்பு ஒடிந்த இடத்தையும் பாருங்கள். உளியால் வெட்டியிருந்தால் தட்டையான, பளபளப்புத் தேய்ந்த முகம் இருக்கும். கையால் ஒடித்திருந்தால் கற்கண்டு உடைந்தது போன்ற மணிமணியான முகம். தலைப்பக்கத்தை நேராக வைத்துக்கொண்டு காம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் கடிகார முள் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்று மணி, ஒன்பது மணி என்று. ஒரே அச்சுவரிசையில் பிறந்த காசுகளைப் பின்னால் சேர்த்துப் பார்க்க இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

அடுத்து, விளிம்பின் நடுவே ஓடும் கோடு. இரண்டு பாதி அச்சுகளும் சேர்ந்த இடம் அது. பாதிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் மேல்வட்டமும் கீழ்வட்டமும் ஒன்றுக்கொன்று விலகி, அடுக்கி வைத்த இரண்டு தோசை சற்றுச் சரிந்தது போல இருக்கும். மூட்டில் கசிந்த உலோகம் மெல்லிய பிசிறாக ஒட்டியிருக்கலாம்.

மற்றப் பழங்காசுகளில் விளிம்புக் கோட்டைக் கண்டால் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். அச்சடித்திருக்க வேண்டிய காசை எவனோ வார்த்திருக்கிறான், போலி என்று ஒதுக்கிவிடுவார்கள். பொட்டினில் அந்தக் கோடு இருப்பதுதான் முறை. இந்தத் தலைகீழ் நியாயம் பழக்கத்துக்கு வரக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

ஆனால் காம்பு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். படமில்லாத உலோக வில்லைகளைச் சரமாக வார்த்து, அவற்றின்மேல் அச்சடித்த காசுகளும் பழைய உலகில் இருந்தன. யூதேயாவின் ஹஸ்மோனிய அரசர்கள் வெளியிட்ட சிறு வெண்கலக் காசுகளில் இதே காம்பைக் காணலாம். அவை வார்ப்புக் காசுகள் அல்ல. படத்தைத் தொட்டுப் பார்த்து வேறுபாட்டை உணரலாம். அச்சடித்ததில் உலோகம் அழுத்தப்பட்டு ஓடியிருக்கும். கோடுகளின் ஓரம் கூர்மையாகவும் இடைப்பட்ட தரை வழவழப்பாகவும் இருக்கும். வார்த்ததில் கோடுகளின் தோள் உருண்டிருக்கும், தரையில் குண்டூசி முனை அளவு குழிகள் தெரியும். காற்றுக் குமிழி அடைபட்ட இடங்கள் அவை.

கெல்டியக் குடியிருப்புகளில் கிடைக்கும் களிமண் தட்டுகளும் புதியவர்களைக் குழப்புகின்றன. இங்கிலாந்தின் ஓல்ட் ஸ்லீஃபோர்டு, வெருலாமியம் போன்ற இடங்களில், பணியாரக் கல் போல வரிசையாகக் குழிகள் உள்ள தட்டுகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைப் பொட்டின் அச்சு என்று எண்ணிவிடக் கூடாது. குழிகளில் படம் எதுவும் இல்லை. அச்சடிப்பதற்கான உலோக உருண்டைகளை உருக்கி எடுக்கவே அவை பயன்பட்டன என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

உலோகமும் எடையும்

வெள்ளீயம் மிகுந்திருப்பதால், மண் கடிக்காத இடங்களில் பொட்டின் சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். மற்ற இடங்களில் கரும்பச்சை, சில மண்ணில் கிட்டத்தட்டக் கறுப்பு. தேய்ந்த முகட்டில் செம்புச் சிவப்புத் தலைகாட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். அது அச்சடித்த செம்புக் காசாக இருக்கலாம்.

நிறத்தைத் தெளிவாகப் பார்க்கவேண்டும் என்று புளியைத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்குக்குப் பொருந்துவது இதற்குப் பொருந்தாது. அந்தப் பச்சைப் படலம்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கோடுகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது போனால் படமும் கூடவே போகும். எலுமிச்சை, வினிகர், பல்பொடி எல்லாவற்றுக்கும் இதே பதில். ஒட்டிய மண்ணை மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளலாம், அவ்வளவுதான். ஓசை கேட்பதற்காக மேசையில் சுண்டிப் போடுவதும் கூடாது. நல்ல காசு இரண்டாக உடைந்துவிடும்.

எடை நல்ல வழிகாட்டி, ஆனால் கறாரான நீதிபதி அன்று. ஒவ்வொரு காசையும் நிறுத்துச் சரிபார்க்கும் தேவை இந்த மலிவுக் காசுகளுக்கு இருக்கவில்லை. ஒரே வகையிலேயே ஒன்று இன்னொன்றைவிட ஒரு கிராம் கூடுதலாக இருப்பது சாதாரணம். மொத்தமாகப் பார்த்தால் கால் (Gaul) நாட்டுப் பொட்டின்கள், அதாவது இன்றைய பிரான்ஸிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வார்த்தவை, தடித்தவை. மூன்று முதல் ஆறு கிராம் வரை இருக்கும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிற்காலத்தில் வார்த்தவை மெலிந்து, இரண்டு கிராமுக்கும் கீழே இறங்கிவிடும்.

1890-இல் சூரிச் நகரில் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, தீயில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன பொட்டின் கட்டிகள் கிடைத்தன. மொத்த எடை சுமார் 75 கிலோ. உள்ளே ஏறத்தாழ 18,000 காசுகள் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு காசுக்கு நாலு கிராமுக்குச் சற்று மேல் வரும். கையில் ஒற்றைக் காசை நிறுக்கும்போது வருகிற எடையும் அதுதான். தெய்வத்துக்குக் காணிக்கையா, உருக்கிவிடக் குவித்த பழைய உலோகமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

காளை கலைந்த கதை

இப்போதுதான் படம். இங்கே சற்று நிதானமாக நிற்கவேண்டும். இந்த வகைப்பாட்டின் சாறே இதில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ கி.மு. 600-இல் கிரேக்கர்கள் குடியேறிய மஸ்ஸாலியா, அதாவது இன்றைய மார்சேய், வெண்கலக் காசுகளை அச்சடித்தது. ஒருபக்கம் இடம் பார்த்த அப்பல்லோவின் தலை. மறுபக்கம் தலையைத் தாழ்த்தி முட்ட வருகிற காளை, நகரின் பெயரோடு. இந்தக் காளை வடக்கே பயணம் போனது. கென்டில் வார்த்த முதல் காசுகள் அதைப் பார்த்துச் செய்தவை. 1987-இல் எசெக்ஸ் பகுதியின் வெஸ்ட் தரக்கில் 2,000-க்கு மேற்பட்ட காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்ததால், இவற்றுக்குத் தரக் வகை என்று பெயர். தடித்த காசுகள், மூன்று கிராமைத் தாண்டுபவை. காளையைக் காளை என்று சொல்லிவிடலாம்: மடங்கிய முன்கால், சுழன்ற வால். மேலே நகரின் பெயரில் மிஞ்சிய ஓரிரு எழுத்துகளும் தெரியும்.

அடுத்த தலைமுறைக் காசுகளைத் தட்டைக் கோட்டு வகை என்பார்கள். இங்கே யாரும் உருவத்தைச் செதுக்கவில்லை. ஈரக் களிமண்ணில் குச்சி முனையால் கீறியிருக்கிறார்கள், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரின் வேகத்தில். தலை என்பது ஒரு வளைகோடும் கண்ணுக்கு ஒரு புள்ளியும். காளை என்பது நீண்ட பெட்டி ஒன்று, அடியில் நாலு குச்சி, முன்னால் இரண்டு கொம்பு, பின்னால் வளைந்த வால். வார்ப்பவர்கள் தங்களுக்கு முந்திய காசைப் பார்த்துக் கீறினார்களே தவிர, மார்சேயின் காளையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஓர் உறுப்பு உதிர்ந்தது. கடைசி வகைகளில், முன்கதை தெரியாதவருக்கு அது மாட்டு வண்டியா மாடா என்றே தெரியாது.

இந்தத் தேய்வைத்தான் காசு ஆய்வாளர் டெரெக் ஆலன் 1971-இல் வரிசைப்படுத்தினார். முதல் வகுப்பை ஏ (A) முதல் எல் (L) வரையும், இரண்டாம் வகுப்பை எம் (M) முதல் பி (P) வரையும் எழுத்திட்டுப் பிரித்தார். முதல் வகுப்பில் தலையும் காளையும் ஓரளவு அடையாளம் தெரியும். இரண்டாம் வகுப்பில் காசு சிறுத்து, படம் சில தடித்த கோடுகளாகிவிடும். அவர் கொடுத்த காலக் கணக்கைப் பின்வந்தவர்கள் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். கால் நாட்டை வென்ற ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசரின் காலத்தை ஒட்டித் தொடங்கியதாக அவர் கருதிய காசுகள், அதற்கு ஒன்றிரண்டு தலைமுறை முன்பே, கி.மு. 2-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தொடங்கிவிட்டன என்பது இன்றைய நிலை. காலம் மாறினாலும் எழுத்து வரிசை நிலைத்துவிட்டது. உங்கள் காசுக்கு முதலில் வகுப்பை முடிவு செய்யுங்கள். எழுத்து பிடிபடவில்லை என்றால் 'முதல் வகுப்பு, நடுப்பகுதி' என்று எழுதி நிறுத்துங்கள். பிடிபடாத எழுத்தை ஊகித்து எழுதுகிறவர்களைவிட, விட்டுவிடுகிறவர்களின் குறிப்பேட்டைத்தான் நான் நம்புவேன்.

ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால், கால் நாட்டில், வகைகள் பெருகிக் கிடக்கின்றன. அடிக்கடி கண்ணில் படுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 'பெரிய தலை' வகையில், காசு முழுவதையும் அடைத்துக்கொண்டு பட்டை கட்டிய ஒரு தலை. மறுபக்கம் அதே மார்சேய்க் காளையின் இன்னொரு பேரப்பிள்ளை. செக்குவானி குலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். காட்டுப்பன்றி நிற்பது லெயூக்கி குலத்தினுடையது. பன்றியின் வயிற்றுக்குக் கீழே என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள், உட்பிரிவுகளை அதுவே காட்டிக்கொடுக்கும். தலைமுடி விறைத்த இறகுகள் போல நிற்கிற தலைக்கு, அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களின் இறகுக் கிரீடத்தை நினைத்து, பிரெஞ்சுச் சேகரிப்பாளர்கள் 'இந்தியன் தலை' என்று பெயர் வைத்தார்கள். இது செனோன் குலத்துக்குப் போகிறது. ரேமி குலத்தின் பெயரில் வழங்கும் ஒரு வகையில், சப்பணமிட்டு உட்கார்ந்த ஓர் உருவம். அதற்கு 'புத்தர்' என்று செல்லப்பெயர். புத்தருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சூரிச் வகையில் தலையே கிடையாது. ஒருபக்கம் இரட்டை நங்கூரம் போன்ற குறி, மறுபக்கம் வளைந்த கொம்புள்ள ஆட்டைப் போன்ற விலங்கு.

பூ எது, தலை எது என்று தெரியாமல் திகைக்க வேண்டாம். மனிதத் தலை அல்லது மனித உருவம் உள்ள பக்கத்தைத் தலை என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

எண்ணைத் தேடுவது

கால் நாட்டுக் காசுகளுக்கு இன்றும் முதலில் சொல்லப்படுவது லா தூர் எண். ஆன்ரி த லா தூர் 1892-இல் வெளியிட்ட படத்தொகுப்பின் எண் அது. பாரிசில் உள்ள தேசிய நூலகத்தின் காசுகளைக் கோட்டோவியங்களாகக் காட்டுகிறது. இதில் புதியவர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஓவியர் தெளிவில்லாத கோடுகளைத் தெளிவாக்கியே வரைவார். ஆகவே உங்கள் காசு அந்தப் படத்தைப் போல ஒருபோதும் இருக்காது. மொத்த ஒற்றுமையைத் தேடாமல், மூன்று உறுதியான அடையாளங்களைத் தேடுங்கள்: விலங்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, அதற்கு மேலே என்ன, கீழே என்ன. மூன்றும் பொருந்தினால் எண்ணை எழுதலாம். இரண்டே பொருந்தினால் எண்ணுக்குப் பின்னால் 'போன்றது' என்று சேருங்கள்.

குலப்பெயரை ஏன் கடைசியில் வைக்கச் சொன்னேன் என்றால், அது காசின்மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. பெரும்பாலான பொட்டின்களில் எழுத்தே இல்லை. எங்கே அதிகம் கிடைக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்து, அந்த வட்டாரத்தில் எந்தக் குலம் இருந்ததாகச் சீசர் எழுதியிருக்கிறார் என்று பார்த்து ஒட்டிய பெயர்ச்சீட்டு அது. ஈட்டியும் கழுத்துவளையமும் ஏந்தி ஓடுகிற வீரன் உள்ள லா தூர் 8124-ஐச் சிலர் ரேமி குலத்துக்குக் கொடுக்கிறார்கள், சிலர் அவர்களுடைய அண்டைக் குலமான கத்தலோனிக்குக் கொடுக்கிறார்கள். காசு என்னவோ அதேதான்.

விற்பவரின் சீட்டில் குலப்பெயரும் துல்லியமான ஆண்டும் இருந்து, எடையும் கிடைத்த இடமும் இல்லாமல் இருந்தால், அந்தச் சீட்டின் மதிப்பு என்ன என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

போலியும் சட்டமும்

உண்மையான காசே வார்ப்பு என்பதால், விளிம்புக் கோட்டை வைத்துப் போலியைப் பிடிக்க முடியாது. இரண்டு காசுகளை அருகருகே வைத்துக் குமிழிக் குழிகளை ஒப்பிடுங்கள். ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், ஒரே குழி இரண்டிலும் இருந்தால், ஒரு மூலத்திலிருந்து நகல் எடுத்திருக்கிறார்கள். ஒடித்த காம்பின் முகமும் மற்ற இடங்களைப் போலவே வழவழப்பாக இருந்தால், அந்த ஒடிந்த முகமும் சேர்த்தே நகலாக வார்க்கப்பட்டிருக்கிறது. காந்தம் இழுத்தால் பேச்சே வேண்டாம். எக்ஸ் கதிர்க் கருவியில் கலவையை அளந்து தருகிறவர்கள் உண்டு. மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பும் உட்பகுதியும் ஒரே கலவையைக் காட்டாது என்பதை மனத்தில் வைத்து அந்த எண்களைப் படியுங்கள்.

பிரான்சில் அனுமதியில்லாமல் உலோகத் துருவியோடு பழம்பொருள் தேடுவது குற்றம். இங்கிலாந்தில், 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட மலிவு உலோகக் காசுகள் பத்தோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். ஒற்றைக் காசு கிடைத்தவர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்யும் திட்டமும் அங்கே நடக்கிறது. அந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் கெல்டியக் காசுகளின் பதிவேடும் அப்படித்தான். படிக்கத் தொடங்குவதற்கு விலை கொடுத்து வாங்கிய காசைவிட இவை நல்ல இடம். நூறு காசுகளைப் படத்தில் பார்த்த கண்தான் நூற்றோராவது காசைக் கையில் படிக்கும்.

குறிப்பு எழுதுவது

ஒவ்வொரு காசுக்கும் அமிலம் இல்லாத காகித உறை ஒன்று. அதன்மேல் பென்சிலால் எழுதுங்கள். மை காலப்போக்கில் ஊறும். அதிகபட்ச விட்டம், குறைந்தபட்ச விட்டம் இரண்டையும் தனித்தனியாக எழுதவேண்டும். வார்ப்புக் காசு முழுவட்டமாக இருக்காது. படம் எடுக்கும்போது அளவுகோலையும் பக்கத்தில் வையுங்கள், விளிம்பையும் ஒரு படம் எடுங்கள். கிடைத்த இடம் தெரிந்திருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எழுதுங்கள். மற்ற எல்லாவற்றையும் காசைப் பார்த்தே திரும்ப எழுதிக்கொள்ள முடியும், அதை மட்டும் முடியாது.

என் முதல் காசின் உறை இப்படி இருக்கிறது:

'வார்ப்பு. பொட்டின். கிடைத்த இடம் தெரியவில்லை. விட்டம் 17.4 / 16.1 மி.மீ. எடை 1.58 கி. தலைப்பக்கம்: இடம் பார்த்த தலை, வளைகோடு, கண்ணுக்குப் புள்ளி. பூப்பக்கம்: வலம் பார்த்த காளை, பெட்டி உடல், நாலு குச்சிக்கால், வால் மேலே வளைவு. அச்சுப் பாதிகள் சிறிது விலகல். கென்ட், தட்டைக் கோட்டு வகை, ஆலன் முதல் வகுப்பு, எழுத்து முடிவாகவில்லை. காம்பு: இரண்டு இருந்தன, மூன்று மணியிலும் ஒன்பது மணியிலும். ராவியது நான். எடையில் அந்த அளவு குறையும்.'